விபத்துக் காயம்: வெளியே தெரியாத ரத்தம் (கேள்வி பதில்)

காரைக்குடிப் பக்கம் பல வருடம் அவசரப் பிரிவில் செவிலியராக இருந்தவள் நான். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

தேவகோட்டை நர்சிங் மாணவி: அக்கா, விபத்து கேஸ் வந்தால் காயத்தைப் பார்த்ததும் கை ஓட மாட்டேன் என்கிறது. எதில் ஆரம்பிப்பது?

காயத்தை விடும்மா, ஆளைப் பார். ரத்தம் பீய்ச்சி அடித்தால் மட்டும் உடனே அழுத்திப் பிடி. மற்றபடி மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, அப்புறம் உடுப்பைக் கத்தரித்து உடம்பு முழுக்கப் பார்ப்பது, இந்த வரிசை மாறக்கூடாது. கழுத்து அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நினைவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஜிசிஎஸ் மதிப்பெண் 8 அல்லது அதற்குக் கீழே என்றால் மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டிவரும், டாக்டரைக் கூப்பிடு. பார்த்து முடித்ததும் போர்த்திவிடு. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, நிறையப் பேர் மறப்பது இதைத்தான்.

பள்ளத்தூர் ஸ்டாஃப் நர்ஸ்: பைக்கில் விழுந்த பையன், பிபி 110/70 இருந்தது, அரை மணி நேரத்தில் சரிந்துவிட்டான். எதைத் தவறவிட்டேன் சிஸ்டர்?

நாடியைப் பார்த்தீர்களா? இளவயதுக்காரர்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கி பிபியைத் தாங்கிப் பிடிக்கும், மொத்த ரத்தத்தில் 30 சதவீதம் வரை போனாலும் மேல் அளவு இறங்காமல் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்பே நாடி 100-ஐத் தாண்டும், மூச்சு வேகமாகும், கை கால் ஜில்லிடும், ஆள் காரணமில்லாமல் பதறுவான். வெளியே ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்பு, தொடை இந்த நாலில் எங்கேயும் தேங்கும். தொடை எலும்பு முறிவில் மட்டுமே 1 முதல் 1.5 லிட்டர் போகலாம். இடுப்பை அமுக்கி ஆட்டிப் பார்க்காதீர்கள், உறைந்த கட்டி பெயர்ந்துவிடும். நானும் ஒரு முறை பிபியை நம்பி ஏமாந்தேன், அந்தப் பையன் முகம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து மெஷின் ஓடினாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடியைக் கையால் பிடித்துப் பார்த்து எழுதுவேன்.

கானாடுகாத்தான் வாசகர்: முற்றத்தை ஒட்டிய ஆத்தங்குடிக் கல்லில் மழை ஈரம், அப்பத்தா வழுக்கி விழுந்து தலை இடித்துவிட்டது. வயது 78, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நன்றாகத்தான் பேசுகிறார், போக வேண்டுமா?

இப்போதே கிளம்புங்கள். வயதானால் மூளை சுருங்கி மண்டைக்குள் இடம் கிடைக்கும், கசிகிற ரத்தம் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் வெளியே தெரியாது. சிடி ஸ்கேன் தேவைப்படும், மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் என்றால் 108-தான்.

புதுவயல் வாசகர்: சாலையில் அடிபட்டவரைக் கொண்டுபோனால் செலவும் போலீஸும் நம் தலையில் விழுமா அக்கா?

விழாது தம்பி. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அதில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். சேர்த்துவிட்டவரைப் பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தூக்கும்போது கழுத்தை மட்டும் மடக்கிவிடாதீர்கள், குடிக்க சோடா கொடுக்காதீர்கள்.