ஜெபித்தும் குணமாகவில்லை என்றால் விசுவாசத்தோடு எப்படி வாழ்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் தன் அம்மா பல வருடங்களாக நோயோடு இருப்பதாகவும், குடும்பமே ஜெபித்தும் குணமாகவில்லை என்றும் எழுதியிருக்கிறார். "இதே நிலையில் இருக்கும் கிறிஸ்தவர்கள் அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்கிறீர்கள்?" என்பது அவர் கேள்வி. அம்மாவுக்கு என்ன நோய் என்று சொல்லவில்லை. எனக்கு இருப்பது முடக்குவாதம். டாக்டர்கள் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். பதினோரு வருடம் ஆகிறது. நான் பட்டதை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

வயதானால் மூட்டு தேய்ந்து வருகிற வலி வேறு, இது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது. வீங்கும், சுடும், கவனிக்காமல் விட்டால் எலும்பையே அரிக்கும். காலை நேரம்தான் மோசம். எழுந்தவுடன் விரல்கள் மடங்காது. அளவு சிறிய கையுறையை யாரோ இரவில் மாட்டிவிட்டுப் போனது போல இருக்கும். சட்டைப் பட்டன் போட முடியாது, குழாயைத் திருக முடியாது. வேதாகமத்தின் தாள் எவ்வளவு மெல்லியது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் திருப்பினால் நாலு பக்கம் சேர்ந்து வரும்.

சிறு வயதிலிருந்தே முழங்காலில் நின்று ஜெபித்துப் பழகியவள் நான். இப்போது முழங்காலில் நின்றால் எழுப்பிவிட ஆள் வேண்டும். அதனால் என் காலை ஜெபம் ஒரு பாத்திரத்துக்கு முன்னால் நடக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கைகளையும் மணிக்கட்டு மூழ்கும்வரை வைத்துக்கொண்டு உட்காருவேன். தண்ணீர் ஆறுவதற்குள் விரல்கள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கும். எந்த விரல் முதலில் அசைகிறதோ அதற்கு ஒருவரை வைத்து ஜெபிப்பேன். பெருவிரலுக்கு மகள், ஆள்காட்டி விரலுக்குக் கணவர், இப்படி. அசையாத விரலுக்கு உரியவர்களுக்கு வார்த்தை எதுவும் வராது, பெயரை மட்டும் சொல்வேன். இது ஜெபம்தானா என்று ஆரம்பத்தில் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை.

நான் செய்த பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அம்மாவுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காக.

நோய் வந்த இரண்டாம் வருடம் ஒரு குணமாக்கும் கூட்டத்துக்குப் போனேன். பிரசங்கித்தவர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். "இனிமேல் மாத்திரையைத் தொடாதே சகோதரி, தொட்டால் விசுவாசிக்கவில்லை என்று அர்த்தம்" என்றார். நிறுத்திவிட்டேன். இந்த நோய்க்கான முக்கிய மருந்து மெத்தோட்ரெக்ஸேட். அது வேலை செய்யத் தொடங்கவே பல வாரம் ஆகும். அதே போல, நிறுத்தினாலும் நோய் மறுநாளே திரும்பிவிடாது. இது அன்று எனக்குத் தெரியாது. மூன்று வாரம் வலி கூடவில்லை. சபையில் எழுந்து நின்று சாட்சியும் சொன்னேன். எல்லோரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

மூன்றாம் மாதம் படுக்கையிலிருந்து என்னைத் தூக்கித்தான் உட்கார வைத்தார்கள். எக்ஸ்ரேயில் இடது மணிக்கட்டு எலும்பு அரித்திருந்தது. அரித்தது அரித்ததுதான், எந்த மருந்தும் அதைத் திரும்ப வளர்க்காது. இன்றைக்கும் அந்தக் கையில் ஒரு தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியாது.

அதைவிட வலித்தது அப்புறம் வந்த பேச்சு. "ஏதோ சந்தேகப்பட்டிருக்கிறாய்", "அறிக்கை செய்யாத பாவம் இருக்கிறதா பார்." கேட்டுக் கேட்டு நானே நம்பிவிட்டேன். ஒவ்வொரு ராத்திரியும் பள்ளிக்கூடப் பிள்ளை விடைத்தாளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது போல என் மனசைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு விசுவாசம் இருந்தால் போதும்? அதை எதை வைத்து அளப்பது?

எங்கள் சபையில் வயதான ஒரு அம்மா உண்டு. அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, என் துணிகளை மடித்துக்கொண்டே, மாற்கு 2-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள், கூட்டத்தால் உள்ளே போக முடியவில்லை, கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். "அடுத்து என்ன போட்டிருக்கு?" என்றார். வாசித்தேன். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு." அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "அவர்கள் விசுவாசம்னு இருக்கு பாரும்மா. படுத்துக் கிடந்தவன் எவ்வளவு விசுவாசமா இருந்தான்னு ஒரு வார்த்தை இருக்கா?"

எத்தனையோ முறை வாசித்த பகுதிதான் அது. அந்த "அவர்கள்" என்பதில் படுத்திருந்தவனும் அடங்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கூரை மேல் ஏறியது அவன் இல்லை. அவன் செய்தது ஒன்றுதான்: தன்னைச் சுமக்க விட்டான். அன்றைக்கு அழுதேன், ரொம்ப நாளைக்குப் பிறகு பயம் இல்லாத அழுகை. எனக்கு ஜெபிக்க முடியாத நாளில் எனக்காக ஜெபிக்கிறவர்களின் விசுவாசமும் கர்த்தருக்கு முன் கணக்கில் இருக்கிறது என்றால், நான் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லையே.

அதற்குப் பிறகு வேதாகமத்தில் குணமாகாத நோயாளிகளைத் தேட ஆரம்பித்தேன். இருக்கிறார்கள், நாம்தான் பிரசங்கத்தில் அவர்களைப் பற்றிக் கேட்பதில்லை. அப்போஸ்தலனாகிய பவுலின் உடம்பில் பட்ட துணிகளைக் கொண்டுபோனாலே நோய்கள் நீங்கியதாக அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது. அதே பவுல்தான் அடிக்கடி நோய்ப்படும் தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று எழுதுகிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிக்காரனாக விட்டுவிட்டு வந்தேன் என்கிறார். எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காகப் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. இவர்களில் யாரையும் பார்த்து "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று பவுல் சொல்லவில்லை.

மருந்து பற்றி எனக்கு முடிவு சொன்னது எசேக்கியா ராஜாவின் கதை. கர்த்தர் அவனைக் குணமாக்குவதாகவும், 15 வருடம் கூட்டித் தருவதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவை என்கிற கட்டியின்மேல் போடச் சொல்கிறார். வாக்கு வந்த பிறகும் மருந்துப் பத்து போட்டார்கள்! பவுலின் கூடவே இருந்த லூக்காவுக்கு "பிரியமான வைத்தியன்" என்று பெயர். 4-ஆம் நூற்றாண்டில் செசரியாவில் பிஷப்பாக இருந்த பசிலியு நோயாளிகளுக்காக ஒரு பெரிய இல்லமே கட்டி, அதில் வைத்தியர்களை வைத்தார். உலகத்தின் முதல் மருத்துவமனைகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். மாத்திரையை எதிரியாகப் பார்ப்பது நம் முன்னோர்களின் விசுவாசம் இல்லை.

சரி, அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள் எடுக்கும் மாத்திரை. (இதே மருந்து சாப்பிடுபவர்கள் யாராவது வாசித்தால்: தவறிப்போய்த் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.) நான் சனிக்கிழமை இரவு போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் குமட்டலும் அசதியும். ஞாயிறு ஆராதனை எனக்கு இல்லாமலே போனது. ஒன்றரை வருடம் இதைச் சிலுவை என்று நினைத்துச் சுமந்தேன். பிறகு டாக்டரிடம் கேட்டபோது, "வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாமே" என்றார், மாற்றும் முறையையும் சொன்னார். அவ்வளவுதான் விஷயம். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். சில பாரங்களை நாமே சிலுவை என்று பெயர் வைத்துத் தூக்கிக்கொள்கிறோம்.

பலத்தை நான் மன்னாவைப் போலத்தான் எண்ணுகிறேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த அந்த உணவை அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் பொறுக்கச் சொன்னார்கள், மறுநாளுக்கு வைத்தது பூச்சி பிடித்து நாறியது. எனக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்றுதான் பலம் கிடைக்கிறது. நாளைய வேலையை இன்றே முடிக்கப் பார்த்தால் இரண்டு நாள் படுக்கை. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற பரமண்டல ஜெபத்தின் வரியை அர்த்தம் தெரியாமலே எத்தனை வருடம் சொல்லியிருக்கிறேன்.

விசுவாசம் எங்கே சோதிக்கப்படுகிறது என்று என்னைக் கேட்டால், கோபத்தில் என்பேன். வலி கூடும்போது நாக்கு கூர்மையாகிவிடும். என் மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு நாள் காலை தலை பின்னிவிடச் சொல்லி முதுகைக் காட்டி நின்றாள். மூன்று கால் எடுத்துப் பின்ன என் விரலால் முடியவில்லை, முடி வழுக்கிக்கொண்டே இருந்தது. அவள் அசைந்தாள். "ஒழுங்கா நில்லு" என்று கத்திச் சீப்பை வீசினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ரப்பர் பேண்டை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு போனாள். அன்று முழுவதும் எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. சாயங்காலம் வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "வலிச்சதாம்மா?" என்று கேட்டாள். "வலிச்சது. ஆனா நான் கத்தினது தப்பு" என்றேன். நோய் காரணமாக இருக்கலாம், சாக்காக இருக்கக் கூடாது என்று அன்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த பிறகும் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன், அத்தனை தடவையும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த கிறிஸ்தவம் பெரும்பாலும் இப்படித்தான் போனது.

இருட்டான நாட்களில் சங்கீதம் 88-ஐ வாசிக்கிறேன். துக்க சங்கீதங்கள் பலவும் கடைசியில் துதியிலோ நம்பிக்கையிலோ முடியும். இது முடியாது. நண்பர்கள் விலகிப்போனார்கள் என்ற இருட்டோடு நின்றுவிடும். அதை வேதத்தில் இருந்து எடுத்துவிடாமல் வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பெரிய ஆறுதல். நன்றாக இருப்பதாக நடிக்காமலும் கர்த்தரிடம் பேசலாம்.

இப்போது உங்கள் அம்மாவுக்காக. அவர்களுடைய விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்காதீர்கள், வருகிறவர்களையும் அப்படிக் கேட்க விடாதீர்கள். வாசலிலேயே தடுத்துவிடுங்கள், மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொன்ன பிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல், புலம்பிய யோபுவின்மேல் இல்லை.

நீங்கள் அந்த நாலு பேரில் ஒருவராக இருங்கள். இரத்தப் பரிசோதனைக்குக் கூடப் போங்கள். ஆராதனைக்குப் போக முடியாவிட்டால் போதகரிடம் சொல்லித் திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று அம்மா விரும்பினால் அழையுங்கள். யாக்கோபு எழுதியிருக்கிற நல்ல வழி அது, நானும் செய்தேன், மனசுக்குச் சமாதானம் கிடைத்தது. ஆனால் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்த விடாதீர்கள்.

இன்னும் குணமாக வேண்டும் என்று ஜெபிக்கிறேனா? ஆமாம், வியாழக்கிழமைகளில். மாத்திரை அட்டையை என் விரலால் அழுத்தி உடைக்க முடியாது. என் கணவர் உடைத்து, ஒவ்வொன்றாக எண்ணி ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுத் தருவார். அவர் எண்ணும் நேரத்தில் நான் கேட்டுக்கொள்வேன். இந்த வாரமும் கேட்டேன். "எண்ணியாச்சு, நீ முடிச்சிட்டியா?" என்று கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "ஆமென்" என்று சொல்லிவிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.