ரெபெக்காவின் கோதுமை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குடியேறிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தபின் ஜான் பர்லெண்ட் குடும்பத்தின் கதையைத் தேடி வாசித்தேன். யார்க்‌ஷயரில் குத்தகை விவசாயியாக இருந்தவர், 1831இல் மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பைக் மாவட்டத்துக்குப் போய், காடு திருத்தி உழுது நிலக்காரர் ஆனார். இந்தியாவை ஆண்ட நாட்டின் குடிமகன் ஏன் இப்படிப் பிழைக்கப் போகவேண்டும்? பூர்வகுடிகளிடம் பறித்த நிலத்தில் உழுதவருக்காக நாம் இரக்கப்படலாமா? எப்படியிருந்தாலும் அவருடைய துணிச்சல் என்னை வியக்க வைத்தது.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

முதல் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. இந்தியாவை ஆண்டது கம்பெனி. யார்க்‌ஷயரில் குத்தகைக்கு உழுதவருக்கு அதில் ஒரு பிடி தானியம்கூடப் பங்கில்லை. 1815இல் நெப்போலியன் போர் முடிந்ததும் விளைச்சலின் விலை சரிந்தது. போர்க்கால விலையை நம்பிப் பேசிய குத்தகைத் தொகை மட்டும் சரியவில்லை. அமெரிக்க அரசோ 1820ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏக்கர் 1.25 டாலருக்கு நிலம் விற்றது. 80 ஏக்கருக்கு 100 டாலர் என்றால் குத்தகைக்காரருக்குத் தூக்கம் வருமா?

இரண்டாவது கேள்வி நியாயமானது. மிசிசிப்பிக்கும் இல்லினாய் ஆற்றுக்கும் இடைப்பட்ட அந்த நிலம், 1804ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றின் பெயரால் சாக், மெஸ்க்வாக்கி மக்களிடமிருந்து போனது. அவர்களுடைய தலைவர் பிளாக் ஹாக் கடைசியாகப் போரிட்டுத் தோற்றது 1832இன் கோடையில். பர்லெண்ட் குடும்பம் தன் முதல் கோதுமையை அறுத்ததும் அதே கோடையில்தான். இரக்கப்படுவதும் மறக்காதிருப்பதும் உங்கள் பொறுப்பு. அதற்கு என்னிடம் அனுமதி கேட்காதீர்கள்.

நான் எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக அல்ல. ‘மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி என்னை இரண்டு நாட்களாகத் தைக்கிறது. நீங்கள் வாசித்த அந்தச் சிறு நூலில் பேசுவது யார் என்று கவனித்தீர்களா? அந்த மனைவி. அவர் பெயர் ரெபெக்கா. அவர் சொல்லச் சொல்ல, இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட மகன் எழுதி, 1848இல் பெயர் போடாமல் வெளிவந்த நூல் அது. முழு நூலையும் அந்தப் பெண்ணின் குரலில் கேட்டுவிட்டு, அவரை மூட்டை முடிச்சுகளோடு சேர்த்து ஒரு வேற்றுமை உருபில் கட்டிவைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

துணிச்சல் என்கிறீர்கள். லிவர்ப்பூல் துறைமுகத்தில் மனம் உடைந்து, திரும்பிவிடலாம் என்று நின்றவர் ஜான்தான். அதுவரை ஊரை விட்டு வர விருப்பமில்லாமல் இருந்த ரெபெக்காதான் அப்போது அவரைத் தேற்றிக் கப்பலேற்றினார். முதல் அறுவடைக் காலத்திலோ ஜான் முழங்காலில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். முற்றிய கோதுமை யாருக்காகவும் காத்திருக்காது. நாள் தவறினால் மணி உதிரத் தொடங்கிவிடும். கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லாத அந்த வீட்டில், ரெபெக்கா அரிவாளை எடுத்துக்கொண்டு பத்து வயதுகூட நிரம்பாத மகனோடு வயலில் இறங்கினார். வண்டியும் அதை இழுக்க மாடும் இல்லாததால் தாயும் பிள்ளையுமே கட்டுகளைச் சுமந்து வீட்டருகே சேர்த்தார்கள்.

என் அம்மாவும் கதிர் அறுத்தவர். இடக்கையில் அரியைப் பிடித்துக் கருக்கரிவாளைத் தன் பக்கம் இழுக்கும்போது, கட்டைவிரலை மட்டும் எப்போதும் உயர்த்தி வைத்துக்கொள்வார். அப்படியும் சுட்டுவிரலின் ஓரத்தில் அரிவாளின் பல் பட்ட வெள்ளைக் கோடுகள் கடைசிவரை மறையவில்லை. பட்டா அப்பாவின் பெயரில் இருந்தது. அம்மாவின் இறப்பைப் பதியச் சென்றபோது, படிவத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று என் கையாலேயே எழுதிக்கொடுத்தேன். உங்களைக் கடிந்துகொள்ளும்போது நான் கூடவே யாரைக் கடிந்துகொள்கிறேன் என்று தெரிகிறதல்லவா? மனம் நோகாதீர்கள்.

ரெபெக்காவுக்குப் பட்டா பேச்சே எழவில்லை. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்து ஆள்வதற்கு இல்லினாய் மாநிலம் சட்டம் இயற்றியது 1861இல். அவர் அந்த மண்ணில் இறங்கி முப்பது ஆண்டுகள் கழித்து. ஆகவே பத்திரங்களைப் புரட்டி ‘விவசாயி’யைத் தேடுகிறவர்களுக்கு அங்கே ஜான்கள்தான் கிடைப்பார்கள். பத்திரம் தெரியாமல் சொல்கிறது; நீங்கள் அந்த அறுவடைப் பக்கங்களைப் படித்தபின்னும் அதையே சொல்கிறீர்கள்.

இன்னொரு முறை அவற்றைத் திறந்து பாருங்கள். அந்தக் கோதுமையை அடித்து, தூற்றி, கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் அவர்கள் செருப்பும், பாலுக்குத் தகரக் கிண்ணங்களும், ஒரு கலப்பையும் வாங்கினார்கள். காடு திருத்தி உழுதார் ஜான் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் உழுத கலப்பை அதுதான்.