வலியைச் சொல்ல முடியாத உயிர்களைப் பராமரிப்பது ஒரு வேலையா?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மகள், மருத்துவமோ பொறியியலோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆக்டோபஸ், நண்டு, சிலந்தி போன்ற முதுகெலும்பற்ற உயிரினங்களின் பராமரிப்பையும் நலனையும் படிக்க விரும்புவதாகச் சொன்னால், எந்தத் தாய்க்கும் கவலை வரும். "இது பொழுதுபோக்கா, பிழைப்பா?" என்று நேராகவே கேட்டிருக்கிறீர்கள். இது பிழைப்புத்தான். ஆனால் வாசல் குறுகியது; அந்த வாசலில் நுழையும் முன் உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

கடிதத்தின் நடுவில், ஏதோ குறை சொல்வதுபோல நீங்கள் எழுதிச் சென்ற ஒரு நிகழ்ச்சிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் டாரன்டுலா சிலந்தி மல்லாந்து கிடந்ததைப் பார்த்து, செத்துவிட்டது என்று எண்ணி நீங்கள் எடுத்து எறியப் போனபோது, மகள் ஓடிவந்து தடுத்ததாகவும், அன்று இரவு முழுவதும் விளக்கைத் தணித்துவிட்டு அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அவள் செய்தது சரி. டாரன்டுலா தோலுரிக்கும்போது பெரும்பாலும் மல்லாந்துதான் படுக்கும். உண்மையில் சாகும் தறுவாயில் இருக்கும் சிலந்தி, நின்ற நிலையிலேயே கால்களை வயிற்றுக்கு அடியில் மடக்கிச் சுருட்டிக்கொள்ளும். ஏனென்றால் அது கால்களை நீட்டுவது உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான், அந்த அழுத்தம் குறைந்தால் கால்கள் தாமாகவே மடங்கிவிடும். தோலுரித்த பின்பும் சில நாள்கள் அது மிகவும் பலவீனமாக இருக்கும். விஷப் பற்கள் வெளிறி மென்மையாக இருப்பதால் அதனால் இரை உண்ண முடியாது, பெட்டிக்குள் உயிருள்ள வெட்டுக்கிளி ஒன்று இருந்தால் அதுவே சிலந்தியைக் கடித்துக் கொன்றுவிடக்கூடும். உங்கள் மகள் இரையை முன்கூட்டியே வெளியே எடுத்திருந்தாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, இந்தப் பெண்ணுக்கு வேண்டிய கண் இருக்கிறது என்று முடிவு செய்தேன்.

மாட்டையும் நாயையும் வாயில்லா ஜீவன் என்கிறோம்; ஆனால் வலித்தால் அவை கத்தும், முனகும், முகம் சுருக்கும். உங்கள் மகள் தேர்ந்தெடுக்கும் உயிர்களுக்கு முனகலும் இல்லை, சுருங்கும் முகமும் இல்லை. ஆகவே அவற்றின் துன்பத்தை அறிய அவை என்ன செய்கின்றன, எதைத் தவிர்க்கின்றன, எதற்காக எதை விட்டுக்கொடுக்கின்றன என்று பொறுமையாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. துறவி நண்டுகள் குடியிருந்த சங்குகளுக்குள் மெல்லிய மின் அதிர்ச்சி கொடுத்து நடத்தப்பட்டு, 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிடிக்காத வகைச் சங்கில் இருந்த நண்டுகள் எளிதில் வெளியேறின. பிடித்த வகைச் சங்கில் இருந்தவை அதே அதிர்ச்சியைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டு உள்ளேயே இருந்தன. தொட்டதும் துள்ளும் வெறும் அனிச்சைச் செயலாக இருந்தால் இப்படி எடைபோட்டுப் பார்க்க முடியாது. 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வில், வலி தரும் அமில ஊசி போடப்பட்ட ஆக்டோபஸ்கள், அதற்கு முன் தாங்கள் விரும்பிய அறையையே பிறகு தவிர்த்தன. மரத்துப்போகச் செய்யும் மருந்து கொடுத்தபோது, அந்த மருந்து கிடைத்த அறையை நாடின.

இத்தகைய சான்றுகள் சேரச் சேர, சட்டங்களும் மாறின. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு ஆணை, ஆய்வில் பயன்படும் உயிருள்ள தலைக்காலிகளான ஆக்டோபஸ், கணவாய் ஆகியவற்றையும் எலி, குரங்குகளுக்கு உரிய பாதுகாப்பு வரம்புக்குள் கொண்டுவந்தது. பிரிட்டனில் 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021 அறிக்கைக்குப் பின், 2022-இல் நிறைவேறிய விலங்குகள் நலச் சட்டம், தலைக்காலிகளையும், நண்டு, இறால் அடங்கிய பத்துக்காலிகளையும் உணர்திறன் உள்ள உயிர்களாக ஏற்றது. சிங்கி இறாலை மயக்காமல் கொதிநீரில் போடுவதைச் சுவிட்சர்லாந்து 2018-இல் தடை செய்தது. ஒரு தாய்க்குச் சட்ட வரலாறு எதற்கு என்று நினைக்காதீர்கள். சட்டம் ஓர் உயிரைக் கணக்கில் எடுத்துக்கொண்ட அன்றே, அதைப் பராமரிக்கப் பயிற்சி பெற்ற ஆளும், அதற்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரும், ஆய்வுத் திட்டத்தைப் படித்து 'இது தேவையா?' என்று கேட்கும் நெறிமுறைக் குழுவும் தேவைப்படுகின்றன. உங்கள் மகளுக்கான வேலைகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

அந்த வேலையின் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் தண்ணீரோடுதான் கழியும். தொட்டியின் வெப்பநிலை, உப்பின் அளவு, அம்மோனியா, நைட்ரைட் ஆகியவற்றை நாள்தோறும் அளந்து எழுத வேண்டும். மீன்களுக்கு நோய் தீர்க்கப் பயன்படும் செம்பு கலந்த மருந்து, அதே நீரோட்டத்தில் உள்ள இறாலையும் ஆக்டோபஸையும் கொன்றுவிடும். இத்தனைக்கும் அவற்றின் இரத்தம் நீலமாக இருப்பதே அதில் உள்ள செம்பினால்தான். இதை அறியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு ஊற்றும் ஒரு மூடி மருந்து ஒரு கூடத்தையே காலி செய்யும். ஆக்டோபஸ் மிகச் சிறிய இடுக்கு வழியாகவும் வெளியேறிவிடும் என்பதால் மூடியை இறுக்கிப் பூட்ட வேண்டும். ஒன்றையொன்று தின்னக்கூடியவை என்பதால் பெரும்பாலும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒளிந்துகொள்ளக் குகையும், திறந்து பார்க்க மூடியிட்ட ஜாடியும் கொடுக்க வேண்டும். சுமார் 50 கோடி நரம்பணுக்கள் கொண்ட ஓர் உயிரை வெறும் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே விட்டுவைப்பதும் ஒரு கொடுமைதான் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு, இதை மகளிடம் நீங்களே பேசுவது நல்லது. ஆய்வுக்கூடத்தில் உயிர்களைக் கொல்லவும் வேண்டியிருக்கும். மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மெல்ல மயக்கி, உணர்விழந்ததை உறுதி செய்த பின்பே மூளையை அழிப்பது போன்ற முறைகளை அவள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். சாதாரண ஆக்டோபஸின் ஆயுளே ஓரிரு ஆண்டுகள்தான்; பெண் ஆக்டோபஸ் முட்டைகளைக் காத்தபடியே உண்ணாமல் இளைத்துச் சாகும். தன்னை அடையாளம் கண்டு தொட்டியின் விளிம்புக்கு நீந்திவரும் ஓர் உயிரை, ஒவ்வோர் ஆண்டும் இழப்பது மனத்தை அரிக்கும். உயிர்மேல் பாசம் உள்ளவர்களே இந்தத் துறைக்கு வருகிறார்கள். அந்தப் பாசத்தாலேயே சிலர் வெளியேறியும் விடுகிறார்கள். அப்படி வெளியேறுவது தோல்வி அல்ல. ஆயினும் மூன்றாண்டு படித்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே யோசிப்பது மேல். கொல்வதே தன்னால் முடியாது என்று அவள் சொன்னால், ஆய்வுக்கூடத்தை விட்டு உயிரியல் பூங்கா, காட்சித் தொட்டிகள், அழியும் இனங்களின் பாதுகாப்பு ஆகிய பக்கம் திரும்பலாம்.

அழியும் இனங்களின் பாதுகாப்பைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் மகளின் மனம் அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட, ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவுக் குச்சிப்பூச்சி, 2001-இல் கடல் நடுவே செங்குத்தாக நிற்கும் ஒரு பாறைத் தீவில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-இல் அங்கிருந்து இரண்டே இணைகள் எடுத்துவரப்பட்டன. மெல்பர்ன் உயிரியல் பூங்காவுக்கு வந்த இணையில் பெண் பூச்சி சில நாள்களிலேயே சோர்ந்து விழுந்தது. பராமரிப்பாளர் கால்சியமும் பூந்தேனும் கலந்த கரைசலைத் துளித்துளியாக அதன் வாயில் ஊட்டினார். அது பிழைத்தது, முட்டையிட்டது. பிறகு அந்தப் பூங்காவில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் பொரிந்தன. ஒரு பூச்சிக்கு மருந்தூட்டத் தெரிந்த ஒருவர் அன்று பணியில் இருந்ததால் நடந்தது அது.

வருமானத்தைப் பொறுத்தவரை, பூங்காப் பணியிடங்கள் மிகக் குறைவு, தொடக்கச் சம்பளமும் பெரிதல்ல. அதனால்தான் இளங்கலையிலேயே குறுகிய பெயர் கொண்ட படிப்பில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். விலங்கியல், கடல் உயிரியல், மீன்வளம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுள் ஒன்றை அகலமாகப் படிக்கட்டும்; புள்ளியியலை வெறுக்காமல் கற்கட்டும். இறால் வளர்ப்புத் துறையைத் தாழ்வாக எண்ண வேண்டாம். குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை வெட்டும் வழக்கம் இன்றும் பரவலாக இருக்கிறது. சினைப்பை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அங்கே சுரப்பதால் வெட்டினால் விரைவில் முட்டையிடும் என்பதே காரணம். வெட்டாமலே முட்டையிட வைக்கும் தீவனமும் சூழலும் அமைத்துத் தருபவருக்கு அங்கே வேலை இருக்கிறது; ஒருவரால் எத்தனையோ உயிர்களின் வேதனையைத் தவிர்க்கவும் முடிகிறது. உயிருக்குப் பதில் மாற்றுமுறை காண்பதும் ஒரு துறை. ஊசிமருந்துகளில் நச்சு இருக்கிறதா என்று சோதிக்க லாட நண்டின் இரத்தம் எடுக்கப்பட்டு வருகிறது. அதே வேலையைச் செய்யும் புரதம் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது; அதைக் கொண்டு செய்யும் சோதனையை ஐரோப்பிய மருந்துத் தரநூல் 2021 முதல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உயிரிவேதியியலில் ஆர்வம் இருந்தால் அவள் இந்த வழியிலும் போகலாம்.

சேரும் முன் ஒரு விடுமுறையையாவது காட்சித் தொட்டி நிலையத்திலோ ஆய்வுக்கூடத்திலோ தன்னார்வலராகக் கழிக்கச் சொல்லுங்கள். தொட்டி கழுவும் பணி கொடுத்தாலும் மறுக்க வேண்டாம். அங்கே யார் உயிர்களைக் கவனிக்கிறார்கள், ஓர் உயிர் இறந்தால் காரணத்தை எழுதி வைக்கிறார்களா என்று அவள் கேட்டு வரட்டும். எழுதி வைக்காத இடத்தில் அவள் கற்க அதிகம் இல்லை.

அவள் அந்தச் சிலந்திக்கென ஒரு குறிப்பேடு வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நேரில் வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தோலுரித்த இரவுக்கு முந்தைய இரண்டு வாரங்களில், இரையை மறுத்ததையும் வயிற்றின் நிறம் கறுத்ததையும் அவள் எந்த நாளில் கவனித்தாள் என்பதை முதலில் பார்க்க விரும்புகிறேன்.