அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவை ஒரே நாளில் பார்க்கத் தனி வழிகாட்டி வைப்பது வீண் செலவா? ரோடு நன்றாகத்தானே இருக்கிறது?

வீண் செலவு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பின் சீட்டில் உட்கார்ந்து போனவர்கள்.

ஊரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், டென்வரில் வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறீர்கள் போலிருக்கிறது. ஓட்டலாம், தப்பில்லை. பூங்காவின் குறுக்கே மலை மேல் போகிற டிரெயில் ரிட்ஜ் ரோடு முழுக்கத் தார் ரோடுதான். ஆனால் அது 12,183 அடி வரை ஏறுகிறது, பல வளைவுகளில் ஓரத்தில் தடுப்பே கிடையாது. ஓட்டுகிறவன் கண்ணில் படுவது நடுவில் போட்ட மஞ்சள் கோடும் முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட்டும்தான். முதல் தடவை நான் ஓட்டிப் போனபோது மலையைப் பார்த்தது மற்றவர்கள் எடுத்த போட்டோவில்தான்.

அதனால் மாமனார், மாமியார் வந்தபோது வண்டியோடு ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்தேன். காசுத் திமிர் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்யவில்லை, பெயரும் சொல்லப் போவதில்லை.

வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. இருட்டு விலகுவதற்குள் கிளப்பிவிட்டார். "என்ன மாப்பிள்ளை, மலை எங்கேயாவது ஓடிப்போயிடுமா?" என்று மாமா முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். காரணம் அப்புறம்தான் புரிந்தது. கோடையில் மதியத்துக்கு மேல் உச்சியில் இடி மின்னல் சகஜம். மரங்கள் 11,400 அடி வாக்கில் நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே வெட்டவெளியில் உயரமாக நிற்பது நாம்தான்.

மெனி பார்க்ஸ் கர்வ் என்ற இடத்தில் வண்டியை நிறுத்தி ரொம்ப நேரம் உட்கார வைத்தார். காட்சிக்காக இல்லை, உடம்பு பழகட்டும் என்று. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அத்தைக்குத் தலை கனத்தபோது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லி, சரியான பிறகே வண்டியை எடுத்தார். (இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதயக் கோளாறு, மூச்சுத் தொந்தரவு இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.)

ராக் கட் என்ற இடத்தில் ஒரு பாறைக் குவியலைக் காட்டிப் பேசாமல் நிற்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் உள்ளங்கை அளவில், வட்டக் காதோடு ஒன்று வெளியே வந்தது. பைக்கா. முயல் வகையறா, வால் இருப்பதே தெரியாது. வாயின் இரண்டு பக்கமும் புல் துருத்திக்கொண்டிருக்க, இடுக்கில் ஓடி வைத்துவிட்டு மறுபடி வந்தது. பனிக்காலத்தில் அது தூங்குவதில்லையாம், அதற்குத்தான் இந்தச் சேமிப்பு. அத்தை அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. நான் ஓட்டியிருந்தால் பார்க்கிங் தேடி முடிப்பதற்குள் மாமா "போலாமா?" என்றிருப்பார்.

இன்னொன்று, சம்பந்தமில்லைதான், சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கார் வைத்திருப்பவன் எல்லாருக்கும் இலவச டிரைவர் என்று யார் முடிவு செய்தது? ஏர்போர்ட்டுக்கு நான், நயாகராவுக்கு நான், மச்சானின் நண்பன் குடும்பத்துக்கும் நான். பெட்ரோல் காசு கேட்டால் கஞ்சன். அதே ஆட்கள்தான் "வழிகாட்டிக்கு எவ்வளவு கொடுத்தீங்க? ஏமாந்துட்டீங்களே" என்றும் கேட்கிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால், பூங்கா நிர்வாகம் தரும் வணிக அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு உள்ளே கூட்டிப் போகக் கூடாது. எல்க் மானிடமிருந்து 75 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. செல்ஃபிக்காகக் கிட்டே போகச் சொல்கிற வழிகாட்டி வேண்டவே வேண்டாம்.

அக்டோபர் நடுவிலிருந்து மே கடைசி வரை டிரெயில் ரிட்ஜ் ரோட்டின் மேல் பகுதியைப் பனிக்காக மூடிவிடுவார்கள். உங்கள் ஆட்கள் அப்போதுதான் வருகிறார்கள் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம். பூங்காவுக்குள் இருக்கும் பேர் லேக் என்ற ஏரி வரை நீங்களே போய்விடலாம், பனிக்கான டயர் மட்டும் இருக்கட்டும்.