பூமி தட்டை என்று யார் சொன்னது?

கேள்வி: பழைய உலகப் படங்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. பூமி தட்டை என்று நம்பியவர்கள் கற்பனையில் வரைந்ததைத்தானே அச்சடித்தார்கள்? உருண்டை என்று கொலம்பஸ் கப்பலேறிய பிறகுதானே தெரிந்தது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கொலம்பஸிலிருந்தே தொடங்குகிறேன். அவருக்கு 1,700 வருடம் முன்பே எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் நிழலை அளந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிட்டார். உருண்டை என்று தெரியாதவர் சுற்றளவை ஏன் தேடப் போகிறார்? ஸ்பெயின் அரசவை அறிஞர்கள் கொலம்பஸோடு மல்லுக்கட்டியதும் தூரத்துக்காகத்தான். ஆப்பிரிக்காவை ஒட்டிய கானரி தீவுகளிலிருந்து மேற்கே போனால் ஜப்பான் சுமார் 4,400 கி.மீ. என்றார் அவர், உண்மையில் 19,000 கி.மீ.க்கும் மேல். எதிர்த்தவர்கள் சொன்னதே சரி. வழியில் அமெரிக்கா வந்து நின்றதால் அவர் பிழைத்தார்.

அந்தத் தப்புக் கணக்கில் தாலமி என்ற பழைய கிரேக்கப் புவியியல் அறிஞருக்கும் பங்கு உண்டு. கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் இருந்து எழுதிய அவர், பூமியை நிஜத்தைவிடச் சிறிதாக எடுத்துக்கொண்டார், ஆசியாவைக் கிழக்கே மிக நீளமாக இழுத்தார். அளவில்தான் தவறினார், வடிவத்தில் தவறவில்லை.

சந்தேகம் இருந்தால் அவருடைய புவியியல் நூலுக்காக ஜெர்மனியின் உல்ம் நகரில் 1482-இல் அச்சான உலகப் படத்தைப் பாருங்கள். சுற்றிலும் கன்னம் உப்ப ஊதும் தலைகள், காற்றுகளைக் குறிப்பவை. மேல் ஓரத்தில், மரப்பலகையைச் செதுக்கிய ஆர்ம்ஸ்ஹைம் ஊர் யோஹன்னஸின் பெயர். அச்சுக்கு எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் அல்லவா? அதில் 'N' எழுத்து மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை; கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியே விழுந்திருக்கிறது. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு இரண்டுமே வளைந்து போகின்றன. உருண்டையைத் தாளில் விரிப்பதற்குத் தாலமி சொன்ன வழி அது. தட்டை என்று நம்புகிறவனுக்கு வளைகோடு எதற்கு?

பிழைகள் இல்லாமல் இல்லை. நம் தீபகற்பம் நசுங்கி, முனையே இல்லாமல் கிடக்கிறது. இலங்கை, தப்ரோபனே என்ற பெயரில், பல மடங்கு பெருத்து நிற்கிறது. இந்தியப் பெருங்கடல் நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த ஏரி. அச்சான ஆறாவது வருடமே, 1488-இல், போர்ச்சுக்கீசிய மாலுமி பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவந்து அந்தக் கரையை உடைத்துவிட்டார்.

ஆனால் கற்பனை என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தப் பக்கமே வராத தாலமி, வணிகர்களும் மாலுமிகளும் சொன்னதை எல்லாம் சேர்த்து, சுமார் 8,000 இடங்களுக்குப் பட்டியல் போட்டார். அதில் முசிறி இருக்கிறது, கொற்கை இருக்கிறது, பாண்டியனின் மதுரை 'மோதூரா'வாக இருக்கிறது. உங்கள் ஊரைத் தொட்டு ஓடும் காவிரியும் இருக்கிறது, 'கபேரோஸ்' என்ற பெயரில், அது கடலில் சேரும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு.