மூன்றாம் ஆண்டுக்கு நேராக அமெரிக்கா: கேட்ட தம்பிக்கு

திருச்சியில் பி.இ. இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: மூன்றாம் ஆண்டுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதற்காவது மாறிக்கொள்ளலாமா? அப்பா வீட்டை அடமானம் வைக்கத் தயார்; மீதியைப் பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்க முடியுமா? குளிர் எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா?

குளிரும் சாப்பாடும் பழகிவிடும் தம்பி, அதை விடுங்கள். எனக்குக் கவலை அந்த வீட்டுப் பத்திரம்தான். நானும் பாதிப் படிப்போடு பாளையங்கோட்டையிலிருந்து கலிபோர்னியா வந்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏஜென்ட் உங்களிடம் ஓர் ஆண்டுக் கட்டணத்தைச் சொல்லியிருப்பார். பட்டம் வாங்க இன்னும் எத்தனை ஆண்டு ஆகும் என்று சொன்னாரா? அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். "உங்கள் கிரெடிட் (படித்து முடித்த பாடங்களுக்கான மதிப்பு) எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார்கள்" என்பார். ஏற்றுக்கொள்வது வேறு, பட்டத்துக்கு வேண்டிய பாடமாகக் கணக்கில் எடுப்பது வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் நீங்கள் படித்த தமிழர் மரபு, பட்டறைப் பயிற்சி போன்றவை பெரும்பாலும் விருப்பப் பாடம் என்று பட்டியலில் ஏறும். படிக்க வேண்டியதில் ஒன்றும் குறையாது. மறுபக்கம், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் மாணவரும் அமெரிக்க வரலாறு, அரசமைப்பு, ஆங்கிலக் கட்டுரை, மேடைப்பேச்சு எல்லாம் படித்துத்தான் ஆக வேண்டும். இரண்டே ஆண்டில் முடித்துவிடலாம் என்று கடன் வாங்கி வந்து, மூன்றாவது ஆண்டுக்கும் பணம் கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் அனுப்புவதற்கு முன்னால், எந்தெந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்று சேரப்போகும் துறையிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிட்டுத் தரும் தனி நிறுவனங்களின் அறிக்கை அதற்கு ஈடாகாது. முடிவு துறையின் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. கல்லூரியில் படித்ததையே மறைத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவராக விண்ணப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். படித்த கல்லூரி ஒவ்வொன்றையும் விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். மறைத்தது தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகும்.

பகுதிநேர வேலைக்கு வருகிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2025-ல் கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலராக இருந்தது. அந்தக் கணக்கில் வாரத்துக்கு 330 டாலர் வரும், அதிலும் வரி பிடிப்பார்கள். அறையைப் பங்குபோட்டுக்கொண்டால் வாடகைக்கும் மளிகைக்கும் ஆகும். கட்டணத்துக்கு ஆகாது: கலிபோர்னியா பல்கலைக்கழக (மேலே சொன்ன மாநிலப் பல்கலைக்கழகம் வேறு, இது வேறு) வளாகங்களில் வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் கூடுதலாகக் கட்டும் தொகை மட்டுமே ஆண்டுக்கு 34,000 டாலருக்கு மேல். அமெரிக்க அரசின் கல்வி உதவியும் நமக்குக் கிடையாது. கணக்கில் காட்டாமல் கையில் காசு கொடுக்கும் கடைகள் உண்டு, நம்மவர் கடைகளும் உண்டு. பிடிபட்டால் முதலாளிக்கு அபராதம், உங்களுக்கு விசாவே போய்விடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

"நான் கையில் காசில்லாமல் வந்தேன், வேலை பார்த்தே படித்தேன்" என்று பொங்கல் விழாக்களில் பேசும் அண்ணன்மார் எனக்கு ஆற்றாமையைத் தருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எம்.எஸ்.-க்கோ பிஎச்.டி.-க்கோ வந்தவர்கள். ஆசிரியருக்கு உதவியாளராக இருந்து கட்டண விலக்கும் சம்பளமும் பெற்றவர்கள். இளநிலை மாணவருக்கு அந்தக் கதவு கிடையாது. அதைச் சொல்லாமல் விடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்றே நான் நினைக்கிறேன்.

அதேபோல, விசாவுக்காக வங்கிக் கணக்கில் சில வாரம் பணம் 'காட்டி'த் தருகிறவர்களையும் நம்பாதீர்கள். முதல் ஆண்டுக்கான பணத்தைத்தான் காகிதத்தில் கேட்பார்கள். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கேட்டு மின்னஞ்சல் வரும்போது அந்தப் பணம் இருக்காது. பாதியில் திரும்பிப் போன பிள்ளைகளின் பெட்டியைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் பி.இ.-யை அங்கேயே முடித்துவிட்டு எம்.எஸ்.-க்கு வாருங்கள். இல்லை, இப்போதே வரத்தான் வேண்டும் என்றால் கலிபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளை, அதாவது இரண்டாண்டுப் படிப்புத் தரும் அரசுக் கல்லூரிகளைப் பாருங்கள். உள்ளூர்க்காரர் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர் கட்டுகிறார். நம்மிடம் பல மடங்கு வாங்குவார்கள், ஆனாலும் பல்கலைக்கழகத்தைவிட மிகக் குறைவு. அங்கே படித்து உரிய மதிப்பெண் வாங்கினால், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், எர்வைன், சான்டா பார்பரா உள்ளிட்ட 6 வளாகங்கள் பல பாடப்பிரிவுகளில் மாறிச் சேர இடத்துக்கு முன்கூட்டியே உறுதி தருகின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியேகோவும் அந்த ஏற்பாட்டில் இல்லை. கம்யூனிட்டி கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

நான் அந்த வழியில்தான் படித்தேன். பாடப்புத்தகம் வாங்கியதே அபூர்வம். நூலகத்தில் ரிசர்வ் மேஜை என்று ஒன்று இருக்கும். அடையாள அட்டையைக் கொடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குப் புத்தகம் தருவார்கள், வெளியே கொண்டுபோக முடியாது. தேர்வுக்கு முந்தின வாரம் ஒரே புத்தகத்துக்கு நானும் ஒரு வியட்நாம் பெண்ணும் மாறிமாறி நிற்போம். பிறகு சேர்ந்தே உட்கார்ந்தோம். அவள் வாசிக்க நான் கணக்குப் போடுவேன். மாலையில் அதே நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை எனக்கு. உடன் வந்த சிலர் நம் ஊர்ப் பிள்ளைகளோடு மட்டுமே பழகினார்கள். எந்த ஆலோசகரிடம் போனால் வேலை நடக்கும் என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

என் ஆலோசகர் ஓர் அம்மையார். என் பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அலகுகளின் தலைப்பை விரலால் தொட்டுக்கொண்டே போய், இரண்டு கணிதப் பாடங்களைக் கணக்கில் சேர்த்துக் கையெழுத்திட்டார். அலகு வாரியாகப் பாடத்திட்டமும் அதன் மேல் கல்லூரி முத்திரையும் இருந்ததால்தான் அது நடந்தது. இயந்திரவியல் பாடத்துக்கு என்னிடம் தலைப்பு மட்டும்தான் இருந்தது. ஊருக்கு எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. அதை மறுபடி படித்தேன். நீங்கள் இன்னும் கல்லூரியில்தான் இருக்கிறீர்கள். எங்கே போவது என்று முடிவாகாவிட்டாலும், நான்கு செமஸ்டர் பாடத்திட்டத்துக்கும் முத்திரை வாங்கி வைத்துவிடுங்கள். அப்பாவிடம் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். துறையிடமிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.