கோர்டன் கலவரத்தை மேசையில் ஆட: உருவத் தேர்வும் பெயிண்டும் (கேள்வி பதில்)

1780 ஜூன் முதல் வாரத்தில் லண்டன் பற்றி எரிந்தது. கத்தோலிக்கர்கள் மீதிருந்த சில தடைகளை 1778-இல் ஒரு சட்டம் தளர்த்தியிருந்தது. அதை ரத்து செய்யச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினர் லார்டு ஜார்ஜ் கோர்டன் ஜூன் 2 அன்று பெரும் கூட்டத்தை நாடாளுமன்றத்துக்கு நடத்திப் போனார். அன்றிரவே கத்தோலிக்கத் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 6-ஆம் தேதி நியூகேட் சிறை எரிந்தது. இந்தக் கலவரத்தை, சுமார் 28 மி.மீ. உயரமுள்ள சிறு பொம்மை உருவங்களை மேசையில் நிறுத்திப் போர் விளையாட்டாக ஆட நினைக்கும் நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: அண்ணா, இதுவரை நெப்போலியன் காலச் சண்டைகளைத்தான் ஆடியிருக்கிறேன். கலவரத்துக்கு எத்தனை உருவங்கள் வேண்டும்? முதலில் எதை வாங்குவது?

கூட்டத்தை வாங்குங்கள் தம்பி. வீரர்கள் அப்புறம். கலவரக்காரர்கள் 60 பேர், காவற்படை (மன்னரின் கார்ட்ஸ் காலாட்படை) வீரர்கள் 20 பேர், குதிரைவீரர்கள் 6 பேர், ஒரு மாஜிஸ்திரேட். இவ்வளவு இருந்தால் ஒரு தெருவை நிறைவாக ஆடலாம். பணம் போதவில்லையென்றால் வீரர்களைக் குறையுங்கள், கூட்டத்தைக் குறைக்காதீர்கள். இருபதுக்கு இருபது என்று நிறுத்தினால் அது வழக்கமான சண்டையாகிவிடும். தெரு அடைபட்டிருக்கிறது, வீரர்கள் திரும்பக்கூட இடமில்லை என்பது மேசையைப் பார்த்ததும் தெரிய வேண்டும்.

கேள்வி: மாஜிஸ்திரேட்டா? அவர் எதற்கு? அவரிடம் துப்பாக்கிகூட இல்லையே!

மொத்த ஆட்டமும் அவரைச் சுற்றித்தான். 1715 முதல் நடைமுறையிலிருந்த கலவரச் சட்டத்தின்படி, 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலவரம் செய்தால் மாஜிஸ்திரேட் அறிவிப்பை உரக்கப் படிக்க வேண்டும். அதன் பிறகு ஒரு மணி நேரம் கழித்தும் கலையாதவர்கள் மரண தண்டனைக் குற்றவாளிகள். மாஜிஸ்திரேட் சொல்லாமல் சுட்டால் தாங்களே கொலை வழக்கில் நிற்க நேரும் என்று ராணுவ அதிகாரிகள் நம்பினார்கள். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1768-இல் செயின்ட் ஜார்ஜஸ் ஃபீல்ட்ஸ் மைதானத்தில், அரசை எதிர்த்த அரசியல்வாதி ஜான் வில்க்ஸின் ஆதரவாளர்கள் மீது துருப்புகள் சுட்டபோது, உத்தரவிட்ட மாஜிஸ்திரேட் மீதே கொலை வழக்கு நடந்தது. அவர் விடுதலையானாலும் அந்த வழக்கை யாரும் மறக்கவில்லை.

1780-இல் மாஜிஸ்திரேட்டுகளும் பயந்து ஒதுங்கினார்கள். முன்வந்தவர்களின் வீடுகளைக் கூட்டம் தேடிப்போய் இடித்தது. வீரர்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்க, கண்ணெதிரே வீடுகள் எரிந்தன. 7-ஆம் தேதி, மாஜிஸ்திரேட்டுக்குக் காத்திருக்காமல் சுடலாம் என்று உத்தரவு வந்ததும் எல்லாம் தலைகீழானது. அரசுக் கணக்கில் மட்டும் 285 பேர் செத்தார்கள்.

ஆகவே ஆட்டத்தை இரண்டு காட்சிகளாகப் பிரியுங்கள். 6-ஆம் தேதிக் காட்சியில் மாஜிஸ்திரேட் உயிரோடு வீரர்களிடம் வந்துசேர்ந்தால்தான் சுட முடியும். 7-ஆம் தேதிக் காட்சியில் அந்தத் தடை கிடையாது. அவருக்கென்று தனி உருவம் தேட வேண்டாம். நீளக் கோட்டும் விக்கும் அணிந்த எந்தக் கனவான் உருவமும் போதும், கையில் ஒரு காகிதச் சுருளை ஒட்டிவிடுங்கள். கோட்டுக்கு அடர் பழுப்போ கறுப்போ அடித்து, அந்தக் காகிதத்துக்கு மட்டும் பளிச்சென்று வெள்ளை கொடுங்கள். எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போக வேண்டும்.

இன்னொரு தகவலும் சொல்லிவிடுகிறேன். 1768-இல் யாருக்காகக் கூட்டம் கூடியதோ அதே வில்க்ஸ், 1780-இல் இங்கிலாந்து வங்கியைக் காத்த படையோடு நின்றார். அவருக்கு ஒரு உருவம் ஒதுக்குவது கட்டாயம் என்பேன்.

கேள்வி: அமெரிக்கச் சுதந்திரப் போருக்கான பிரிட்டிஷ் வீரர்களையே பயன்படுத்தலாமா சார்?

தாராளமாக. பெர்ரி மினியேச்சர்ஸ் நிறுவனத்தின் உருவ வரிசையே போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அமெரிக்கக் காடுகளில் சண்டையிட்டவர்கள் கோட்டைச் சுருக்கி வெட்டிக்கொண்டார்கள், வட்டத் தொப்பி போட்டார்கள். லண்டனில் காவல் நின்றவர்கள் அப்படி இல்லை. நீளக் கோட்டும் மூன்று மூலைத் தொப்பியும் உள்ள உருவங்களையே எடுங்கள். ஓடுகிற, பாய்கிற நிலையில் உள்ளவை வேண்டாம். துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நிற்பவர்களும் குறி பார்ப்பவர்களுமே இந்த ஆட்டத்துக்குப் பொருந்துவார்கள்.

கேள்வி: நான் சிவப்பு அடித்தால் பொம்மைக்கடைப் பொம்மை மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

சாதாரண வீரனின் கோட்டு மஞ்சிட்டி வேர்ச் சாயம் ஏற்றியது. செங்கல் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதிகாரிகளுக்கும் சார்ஜென்ட்டுகளுக்கும்தான் விலை கூடிய கொச்சினீல் என்ற பூச்சிச் சாயத்தின் பளீர்ச் சிவப்பு. வல்லேஹோ பெயிண்ட் வரிசையில் கேவல்ரி பிரவுனை அடியில் கொடுத்து, மேலே ஃபிளாட் ரெட் அடியுங்கள். மடிப்புகளில் பழுப்பு தெரியட்டும். அதிகாரிக்கு மட்டும் ஸ்கார்லெட். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும்போது யார் அதிகாரி என்று சொல்லாமலே தெரியும்.

காவற்படையின் மூன்று ரெஜிமென்ட்டுக்கும் காலரும் கைமடிப்பும் நீலம்தான். பொத்தான்களை வைத்து வித்தியாசம் காட்டலாம்: முதல் ரெஜிமென்ட்டுக்குத் தனித்தனியாக, இரண்டாவதான கோல்ட்ஸ்ட்ரீமுக்கு இரண்டிரண்டாக, மூன்றாவதுக்கு மும்மூன்றாக. 28 மி.மீ.-இல் கூர்மையான பிரஷ் இருந்தால் இது முடியும். நீலத்தை மிக அடர்த்தியாக வையுங்கள், ஏன் என்று அடுத்து வருகிறது.

கேள்வி: கூட்டத்துக்குப் பிரெஞ்சுப் புரட்சி உருவங்கள் வைத்திருக்கிறேன். ஒத்துவருமா?

கொஞ்சம் கத்தி வேலை செய்தால் வரும். உச்சி மடிந்த சிவப்புத் தொப்பிகளைச் சீவி வட்டத் தொப்பியாக்குங்கள். மரச்செருப்பைச் சாதாரண ஷூவாகத் தேய்த்துவிடுங்கள். 1780-இல் லண்டன் ஆண்கள் முழங்கால் வரைக்குமான கால்சட்டைதான் போட்டார்கள். நீளக் கால்சட்டை போட்ட உருவங்களை மாலுமிகளாக மாற்றிவிடலாம், தேம்ஸ் கரையில் மாலுமிகளுக்கா பஞ்சம்! ஈட்டி, கோடாரிகளைக் குறைத்து இரும்புக் கம்பி, கடப்பாரை, சம்மட்டி கொடுங்கள். இந்தக் கூட்டத்தின் முக்கிய வேலை வீடுகளை இடித்துத் தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டு எரித்ததுதான். நாற்காலி தூக்கிப் போகிற ஒருவரையாவது சேருங்கள்.

மூவர்ண ரிப்பன் இருந்தால் அதன் மேல் நீலம் அடியுங்கள். கோர்டனின் ஆட்கள் தொப்பியில் நீல ரிப்பன் குத்தியிருந்தார்கள். வீரர்களின் தொப்பியில் இருந்தது கறுப்பு ரிப்பன். உடைகளுக்குப் பழுப்பு, சாம்பல், அழுக்கு வெள்ளை, மங்கிய பச்சை என்று அடக்கி அடித்து, ரிப்பன்களுக்கு மட்டும் பளிச்சென்ற வெளிர் நீலம் கொடுத்துப் பாருங்கள். 60 தனி ஆட்கள் சட்டென்று ஒரே கூட்டமாகத் தெரிவார்கள். வீரர்களின் நீலம் அடர்த்தியாக இருக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

கேள்வி: 60 பேருக்கும் ஒரே தோல் நிறம் அடித்தால் போதுமா? நேரமே இல்லை அண்ணா.

போதாது. கலவரத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் ஜான் குளோவர், பெஞ்சமின் பௌசி என்ற கறுப்பினத்தவர்கள் உண்டு. சார்லட் கார்டினர் என்ற கறுப்பினப் பெண்ணை அந்த ஜூலையிலேயே டவர் ஹில்லில் தூக்கிலிட்டார்கள். பெண்களையும் கறுப்பின மக்களையும் விட்டுவிட்டால் அது லண்டன் கூட்டமே இல்லை. நேரத்தை உடைகளில் மிச்சப்படுத்துங்கள். கறுப்பு பிரைமர், மேலிருந்து சாம்பலும் வெள்ளையும் உலர் பிரஷ்ஷால், அப்புறம் கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்ட் (மேட்டில் வெளிறியும் மடிப்பில் அடர்ந்தும் படிவது) ஒரே பூச்சு. மிச்சமாகும் நேரத்தை முகங்களுக்குக் கொடுங்கள். வீரர்களை ஒரே அச்சாக அடிக்கலாம், அவர்கள் அப்படித் தெரியத்தான் சீருடையே. கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு ஆள்.

கேள்வி: மழைக்காலத்தில் ஸ்ப்ரே வார்னிஷ் வெள்ளை பூத்துவிடுகிறது.

ஈரக் காற்றில் அப்படித்தான் ஆகும். பிரஷ்ஷால் பூசும் மேட் வார்னிஷுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: ஒரு மதத்தவர் மீது நடந்த வெறியாட்டத்தை விளையாட்டாக ஆடுவது சரியா?

கேட்க வேண்டிய கேள்வி. கூட்டத்தை நாயகர்களாகக் கொண்டாடி ஆடினால் சரியில்லை. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் பகுதியில் தாக்கப்பட்ட ஐரிஷ் கத்தோலிக்கர்கள் ஏழை உழைப்பாளிகள். அவர்களை மேசையில் வையுங்கள். என் ஆட்டத்தில் ஒரு குடும்பம் மூட்டையோடு தெருவைக் கடக்க வேண்டும். அது பிழைத்தால் இரு தரப்பில் யார் எத்தனை பேரைக் கொன்றிருந்தாலும் புள்ளி அதற்குத்தான். கொலைக் கணக்குக்குப் புள்ளி தருவதே இல்லை. சுடும் தரப்பும் ஒவ்வொரு சாவுக்கும் புள்ளி இழக்கும்.

கேள்வி: பேஸ் (உருவத்தை ஒட்டும் அடித்தட்டு) எப்படி? தனியாகவா, குழுவாகவா?

வீரர்களை நால்வராக ஒரு செவ்வக பேஸில் ஒட்டுங்கள். கூட்டத்தில் பாதியை மூன்று பேராகவும் மீதியை 25 மி.மீ. இரும்பு வாஷரில் தனித்தனியாகவும் ஒட்டுங்கள். கூட்டம் சிதறும்போது மூவர் பேஸை எடுத்துவிட்டுத் தனி ஆட்களை வைக்கலாம். தட்டில் காந்த ஷீட் ஒட்டிவிட்டால் வாஷர்கள் நகராது. பேஸ் எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் கல்தரை அடியுங்கள், புல் வேண்டாம். இது லண்டனின் ஹோல்பர்ன் தெரு.